பிளேன்விழுந்தான்

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும், நீர் கோத்துக் குழி அப்படியே நிற்கிறதா, இல்லை சதை மேலே வந்துவிடுகிறதா என்று. ஆனால் அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறுகிறாள். செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தால் போதும். ஏற்கெனவே இரண்டு தடவை குனிந்தாகிவிட்டது, இன்னொரு தடவை குனிந்தால் செருப்பைக் கையில் வாங்கிப் பார்ப்பாள், வாரில் ஒன்றுமில்லை என்று தெரிந்துபோகும். அவளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்ய முடிந்ததே கிடையாது வெயிலுமுத்துவுக்கு, இந்த ஒரு வாரத்தைத் தவிர. ஒரு வாரமாக அந்த எண் வாய்க்குள்ளேயே கிடக்கிறது, கரையாத மாத்திரை மாதிரி. ஒன்று புள்ளி எட்டு. ஒன்று புள்ளி இரண்டாக இருந்தது ஒன்று புள்ளி எட்டு ஆகியிருக்கிறது. சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் ஏறுகிற கணக்கு அது. கிரியாட்டினின் என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது ஏதோ வெளியூர்ப் பெண்பிள்ளையின் பேர் போல இருந்தது அவனுக்கு, இப்போது அந்தப் பெண்பிள்ளை வாசலில் வந்து நின்று கதவைத் தட்டுகிறாள். தண்ணி பத்தலையா இருக்கும், நல்லா குடிங்க, ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாப்போம், அப்பவும் எறங்கலைன்னா பெட்ல சேக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர், பேனாவை மூடிக்கொண்டே. பேனாவை மூடினாரே, அது நல்லதுக்கா கெட்டதுக்கா. நாளைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். இன்றைக்கு மலை. முன்னால் அக்கா மாடத்தி, தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் பிளாஸ்டிக் குடம், குடத்தில் அடிவாரத்து ஓடைத் தண்ணீர். பின்னால் அக்காவின் புருஷன் கொம்பையா அத்தான், தோளில் சோற்றுப் பையோடு. நடுவில் இவன், அக்காவின் சிறுநீரகத்தை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் குறையாத தண்ணீர் பாட்டிலைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு.

வலது பக்கம், இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே, கையை வைத்தால் மேடாகத் தட்டுப்படும். பழையவை இரண்டையும் எடுக்கவில்லை, அவை பாட்டுக்கு முதுகோரம் செத்துக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள், புதியதை முன்னால் வைத்துத் தைத்தார்கள். ஆக உனக்குள்ள மூணு இருக்கு மாப்ள, ஊர்ல எவனுக்கும் இல்லாத சொத்து என்று அத்தான் சொல்லிச் சிரிப்பார். அக்காவுக்கு ஒன்று. அக்காவின் இடது விலாவுக்குக் கீழே நீளமாகத் தையல் தடம், பீடி சுற்ற உட்கார்ந்தால் அந்தப் பக்கம் மட்டும் சாய்ந்து உட்காருவாள், கேட்டால் எப்பவும் இப்படித்தாம்ல உக்காருவேன் என்பாள். எப்பவும் அப்படி உட்கார்ந்தவள் இல்லை. அவனுக்குத் தெரியும். இவன் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை, அவளுடையது ஆகாது என்று சொன்ன அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் வேறு யாரும் வாய் திறக்கும் முன்னால் அக்கா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, என்னதப் பாருங்க என்றாள், கடையில் இந்தக் கத்தரிக்காய் சொத்தை, அதை எடுத்துப் போடுங்க என்பது போல. அப்புறம் உறுப்பு கொடுக்க அனுமதி தருகிற கமிட்டி என்று நான்கு பேர் உட்கார்ந்து அவளைக் கேட்டார்கள், யாரும்மா உங்களைக் கட்டாயப்படுத்துறது, பயப்படாமச் சொல்லுங்க. எந்தம்பிக்கு நாங் குடுக்க எவங்கிட்ட கேக்கணும், நீங்க யாரு எங்களுக்கு, என்று அவள் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற அத்தான் பயந்து, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சண்டை போடுகிறாள் போலிருக்கிறது என்றார். சிரிப்பு வருகிறது. மூச்சும் வாங்குகிறது. மூச்சு ஏன் வாங்குகிறது? ஏற்றம்தான். ஏற்றத்தில் எவனுக்கும் வாங்கும். அத்தானுக்கும் வாங்குகிறது, கேட்கிறதே பின்னால், ஊஸ் ஊஸ் என்று. ஆனால் அந்த நாட்களிலும் இப்படித்தான் ஆரம்பித்தது, மாடிப்படியில், நுரையீரலுக்குள் தண்ணீர் கட்டிக்கொண்டு. குனிய வேண்டும். அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஏலக்காய்ச் செடிகள் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. மழை விட்டு நான்கு நாள் ஆகியும் இலை ஒவ்வொன்றும் தோளில் கொஞ்சம் ஈரத்தைத் தடவிவிட்டுத்தான் வழி விடுகிறது. நல்ல காற்று. இதற்கே கும்பிடு போடலாம், இந்தக் காற்றுக்கு, கேட்டைத் திறந்துவிட்டு மெல்லப் போங்கய்யா என்ற எஸ்டேட் வாட்ச்மேனுக்கு, மரியாதையாக மடங்கி நிமிர்கிற இந்த முழங்கால்களுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாசற்படி ஏற ஆள் பிடிக்க வேண்டும். ஏல, கால்ல பாரு, என்றாள் அக்கா திடீரென்று. பார்த்துவிட்டாளா, வீங்கியிருக்கிறதா? அட்டை. கெண்டைக்காலில் கறுப்பாக, கொழுத்து, வலியே தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தது. அக்கா குடத்தை இறக்காமலே இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்துப் பீடிப் புகையிலைத் தூளைக் கொஞ்சம் தர, அத்தான் அதை அட்டை மேல் தேய்த்தார். சுருண்டு விழுந்தது. "பாவம், தெரியாம வந்து வாய வச்சிட்டு. இந்த ரத்தம் பூராவும் மாத்திரைல்லா மாப்ள. சாயங்காலத்துக்குள்ள செத்துரும் பாரு." "ஒங்க ரத்தத்தக் குடிச்சா இப்பவே செத்துரும், அம்புட்டும் பட்டச் சாராயம்" என்றாள் அக்கா முன்னால் பார்த்தபடியே. "அது போன வருசம்." "போன வருசம் குடிச்சது இன்னும் ஓடிக்கிட்டுத்தான இருக்கு." குனிந்ததோடு குனிந்ததாக வெயிலுமுத்து கட்டைவிரலை வைத்து அழுத்தினான். ரத்தம் வழிகிற இடத்தில் குழியா குழியில்லையா என்று ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்டு அழுத்தினான். குழி விழுந்தது. மேலே வந்தது. உடனே வந்ததா, கொஞ்சம் நின்று வந்ததா?

அத்தான் மறுபடி ஆரம்பித்துவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொல்லி வருகிற கதை, ஒவ்வொரு தடவையும் தாத்தாவுக்கு வயது கொஞ்சம் கூடிவிடும். உலகச் சண்டை நடந்த காலம், வெள்ளைக்காரன் விமானம் ஒன்று மழை மூட்டத்தில் வழி தெரியாமல் இந்தப் பாறையில் வந்து மோதி எரிந்தது, ஏலக்காய் பறிக்க வந்திருந்த ஆட்கள்தான் முதலில் ஓடிப் போனார்கள், அதில் அத்தானின் தாத்தா ஒருத்தர். எல்லாரும் கரிக்கட்டை. ஒருத்தனுக்கு மட்டும் உயிர் இருந்தது. வெந்த உடம்போடு கையை வாய்க்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய்ச் சாடை காட்டினான், தண்ணீர். பக்கத்திலேயே குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. "குடுக்கலை மாப்ள. தீயில வெந்தவனுக்குத் தண்ணி குடுத்தா உயிர் போயிரும்னு நம்ம ஆளுகளுக்கு ஒரு எண்ணம்லா. அவன் பொழைக்கணும்னுதான் குடுக்கலை. ஏலக்கா இலையப் பிடுங்கி விடிய விடிய விசிறியிருக்காவ, ஆத்தா அப்பான்னு அழுதிருக்காவ, தண்ணி மட்டும் குடுக்கலை." விடியற்காலம் அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு எஸ்டேட் கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, அடப்பாவிகளா, ரெண்டு வாய் நனைச்சிருக்கலாமே என்றாராம். அதிலிருந்துதான் இது. கற்பூரம் கிடையாது, பத்தி கிடையாது, பீடி நெருப்பைக்கூட அடிவாரத்தில் மிதித்து அணைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். தண்ணீர் மட்டும். அடிவாரத்து ஓடையில் மொண்டு, வழியில் இறக்காமல் கொண்டுபோய் அந்த இரும்பு மேல் ஊற்ற வேண்டும். பேர் தெரியாத மனுஷன், பிளேனய்யா என்றாகிவிட்டார். இந்த மேட்டுக்குப் பிளேன்விழுந்தான் என்று பேர். இவனை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போன அன்றைக்கு, பக்கத்து மேஜையில் தானும் படுக்கப்போகிற அக்கா இந்தப் பிளேனய்யாவுக்குத்தான் நேர்ந்துகொண்டாள், நல்லபடியா ரெண்டு வருசம் ஓடட்டும், அவனையும் கூட்டிக்கிட்டு வந்து குளுரக் குளுர ஊத்துதேன் என்று. ஓடிவிட்டது. ஓடிவிட்டதா? எட்டு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா, ஒன்று புள்ளி இரண்டோடு.

அந்த மனுஷன் குடத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்திருப்பான். அதை அத்தான் சொல்வதில்லை, அவருக்குத் தெரியாது. வெயிலுமுத்துவுக்குத் தெரியும். டயாலிசிஸ் மெஷினில் கிடந்த மூன்று வருஷமும் நாளைக்கு இரண்டு டம்ளர்தான், மாத்திரைக்கும் சேர்த்து, சோற்றில் உள்ள ஈரத்துக்கும் சேர்த்து. அந்த இரண்டு டம்ளரையும் அளந்து வைத்தவள் அக்காதான். தெருமுனை வீட்டிலிருந்து தினம் வந்து குடங்களை எடுத்து உயரத்தில் வைத்துவிட்டுப் போவாள். குழாயைத் திருகி, திருகின பிடியையே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். வெயில் காலத்தில் பக்கத்து வீட்டில் யாரோ சொம்பைக் கவிழ்த்து மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் இவன் தொண்டையில் கேட்கும். வேலை அப்போது பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறையில், ராத்திரி ஷிப்ட், இன்றும் அதே வேலைதான். மூன்று வருஷம் ஒரு சொட்டு மூத்திரம் வராதவன் வாசலில் உட்கார்ந்து காசு வாங்கிப் போட்டுக்கொண்டு, உள்ளே ஊரெல்லாம் இறங்கி வந்து சளசளவென்று போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். என்ன ஒரு சொத்து அது, ஒருத்தனுக்காவது தெரிகிறதா, ஜிப்பை இழுத்துக்கொண்டு கொட்டாவி விட்டபடி போகிறான்களே என்று இருக்கும். ஒருநாள் தாங்க முடியாமல் குளியலறை வாளியில் வாயை வைத்துவிட்டான், மாடு மாதிரி. சொர்க்கம். பொழுது சாயும்போது மூச்சு அடைத்துவிட்டது. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போன அக்கா வழிநெடுக அவன் கன்னத்தில் அடித்துக்கொண்டே போனாள், அடித்துவிட்டுத் தடவினாள், தடவிவிட்டு அடித்தாள். குடத்துக்குப் பக்கத்தில் இலையால் விசிறிக்கொண்டிருந்தவர்களை அவனால் திட்ட முடியவில்லை. எப்போது கேட்டாலும் முடிவதில்லை. அவர்கள் கையிலும் அக்காவின் கை இருக்கிறது. ஆனால் அவர்கள் தப்பு, அக்கா சரி. ஒரே காரியம், ஒரே அழுகை, ஒன்று தப்பு ஒன்று சரி, செய்கிறபோது யாருக்குத் தெரிகிறது.

அப்புறம் அந்த நாள். கண் விழித்தபோது கட்டிலோரம் தொங்குகிற மூத்திரப் பையை நர்ஸ் பெண் தூக்கிக் காட்டினாள், தங்க நகை காட்டுவது போல, பாருங்கண்ணே ஒங்க அக்காவோடது வேலைய ஆரம்பிச்சிட்டு. மஞ்சளாக, வெதுவெதுப்பாக. அந்தப் பெண்ணின் பேரைக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ரத்தம் கொடுத்த முகம் தெரியாதவர்கள் இருக்கட்டும். மூன்றாம் நாள் ஒரு முழு டம்ளர் தண்ணீர் தந்தார்கள், இவ்வளவுமா என்று கேட்டான், இன்னும் நாலு லிட்டர் குடிக்கணும் என்றார்கள், டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதான். இதெல்லாவற்றுக்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்ன சொல்ல? நன்றி என்றா? நன்றி என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்லலாம், பஸ் டிக்கெட்டில் அச்சடித்திருக்கும், அக்காவிடம் போய் நன்றி என்றால் என்னல ஆச்சு ஒனக்கு, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். சொல்ல வழியில்லாமல் அது உள்ளேயே தேங்கிக் கிடக்கிறது, அந்தக் காலத்துத் தண்ணீரைப் போல. இப்போது அதன் மேல் இதையும் கொண்டுபோய் எப்படி வைக்க, அக்கா, நீ கொடுத்ததை நான் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது. கெடுத்துத்தான் இருக்கிறான். நல்லா குடிங்க என்றார் டாக்டர், குடித்தானா? மாத்திரைக்கு ஒரு மடக்கு, அதோடு சரி. ஒவ்வொரு தடவையும் டம்ளரை எடுக்கிறான், உதடு வரை கொண்டுபோகிறான், உள்ளே போனது வெளியே வராவிட்டால்? வராவிட்டால் தெரிந்துவிடும். குடிக்காதவரை தெரியாது. தெரியாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் இன்னும் அக்காவுடையது உயிரோடு இருக்கிற நாள். பைத்தியக்காரக் கணக்கு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. இடது கையில் மெஷின் ஊசிக்காகப் பண்ணிய நரம்புத் தையல் இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறது, தொட்டால் உர்ரென்று அதிர்கிறது, எங்கேயோ தூரத்தில் மேகத்துக்கு மேலே இறங்க இடம் தேடுகிற ஒன்றைப் போல.

செடிகள் விலகிப் பாறை வந்தது. பெரிதாக எதிர்பார்த்திருந்தான், ஒரு வாலாவது நிமிர்ந்து நிற்கும் என்று. இவ்வளவுதானா. பாசி பிடித்த எஞ்சின், மண்ணில் பாதி புதைந்து, பெரிய பலாப்பழத்தைப் பிளந்து போட்டாற்போல, சுற்றிச் சுற்றி இரும்புச் சுளைகள். மடங்கிப்போன காற்றாடித் தகடு ஒன்று. இறக்கையில் ஒரு துண்டு, ஆணி வரிசைகள் இன்னும் நேராக. மற்ற தகடெல்லாம் அந்தக் காலத்திலேயே அகப்பையும் சருவமுமாக ஆகிக் கீழே இறங்கிவிட்டது. ஒரு கம்பி வளையத்துக்குள்ளிருந்து ஒரு மரமே முளைத்து மேலே போயிருந்தது. எஞ்சினின் மேற்பக்கம் மட்டும் பாசி இல்லாமல் வழவழவென்றிருந்தது. ஊற்றி ஊற்றி. எத்தனை பேர், எத்தனை குடம், செத்தவனுக்கு எட்டாத தண்ணீரை வருஷக்கணக்காகச் சுமந்து வந்து. கண் கலங்கிற்று அவனுக்கு. பேர் தெரியாத ஒருத்தனுடைய தாகத்தை இவ்வளவு காலம் யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு எஞ்சினுக்கு முன்னால் நின்றாள். குடத்தை இறக்கி இடுப்பில் வைத்தாள். உதட்டுக்குள்ளே சொல்லுவாள் என்று நினைத்தான், அவள் பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவது போலச் சத்தமாகவே சொன்னாள். "ஐயா, சொன்னபடி வந்துட்டேன். இந்தா நிக்கான் பாரும், எந்தம்பி. ரெண்டு வருசமாச்சு. ஒரு கொறை கிடையாது. நாங் குடுத்தது அவனுக்குள்ள நல்லா வேல செய்யுது. டாக்டரே மெச்சுதாரு. நீரு நல்லா வச்சிருக்கீரு, நீரு நல்லா இருக்கணும்." குடம் சாய்ந்தது. வாய்விளிம்பில் தண்ணீர் வந்து நின்றது. அவள் மனசார நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள், இவனுடைய பொய்க்கு. தாகத்தில் செத்த ஒருத்தனிடம்.

"அக்கா, ஊத்தாத."

குடம் நிமிர்ந்தது. அத்தான் சோற்றுப் பையை இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"ஏன்?"

"டாக்டர் மெச்சலை. போன வாரம் பாத்ததுல ஏறியிருக்கு. ஒண்ணு எட்டு."

அவளுக்கு அந்த எண் தெரியும். ஒன்று இரண்டு என்றால் என்ன, எட்டு என்றால் என்ன, ஐந்து என்றால் என்ன எல்லாம் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியாதவள் அதை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தாள். முகம் சின்னதாகிப்போயிற்று. "போன வாரமா? போன வாரம் நாங் கேட்டதுக்கு எல்லாம் அப்படியே இருக்குன்னியே."

"சொன்னேன்."

"தண்ணி பத்தாம இருக்கும்ல மாப்ள, அதெல்லாம் ஏறும் எறங்கும், நம்ம ஊரு வெலவாசியா" என்று அத்தான் சிரிக்கப் பார்த்தார். "நீங்க சும்மா கெடங்க" என்றாள் அக்கா. பிறகு இவனுக்குப் பக்கத்தில் வந்தாள். நெற்றியைத் தொடவில்லை, கீழ் உதட்டைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தாள், கன்றுக்குட்டிக்குப் பார்ப்பது போல. காய்ந்து வெடித்திருந்தது. கைப்பையை வாங்கித் திறந்தாள். பாட்டிலை எடுத்தாள். மூடியில் சீல்கூட உடையவில்லை.

"இவ்வளவு ஏத்தம் ஏறி ஒரு வாய் குடிக்கலையா நீ?"

"பயமா இருக்குக்கா."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் பாட்டிலை அவன் கையில் திணித்தாள். "நீ என்ன நெனச்சிக்கிட்டிருக்க? ஒனக்குக் கடனாக் குடுத்திருக்கேன், பத்திரமா வச்சிருந்து திருப்பித் தரணும்னா? குடுத்த அன்னிக்கே அது என்னது இல்லல. கெட்டா ஒன்னது கெடும், எனக்கென்ன." எனக்கென்ன என்று மறுபடி சொன்னாள், அது அவளுக்கே பொய்யாகப் பட்டிருக்க வேண்டும், மூக்கைச் சிந்தினாள். "நாளைக்கு நானும் வாரேன் டெஸ்டுக்கு. இல்லேன்னு சொன்ன, கால ஒடிச்சிருவேன்."

"அப்பம் இந்தத் தண்ணிய என்ன செய்ய, திருப்பிக் கொண்டுபோகவா?" என்றார் அத்தான் மெதுவாக.

"ஏன் திருப்பணும்? எண்ணு எறங்குனாத்தான் ஊத்துவேன்னா நேர்ந்தேன்? ரெண்டு வருசம் எந்தம்பி வயிறு நெறயத் தண்ணி குடிச்சிருக்கான். டம்ளரத் தூக்கும்போதெல்லாம் நாம் பாத்திருக்கேன். அத இனிமே எவன் வந்து புடுங்குவான்?" அவள் போய் எஞ்சின் மேல் குடத்தைச் சாய்த்தாள். "ஐயா, நாஞ் சொன்னதுல கொஞ்சம் தப்பு. இவஞ் சொன்னதுதான் சரி. இருந்தாலும் குடியும்." வெயிலில் காய்ந்த இரும்பின் மேல் தண்ணீர் விழுந்து, சுளை சுளையாக இறங்கி, மண்ணுக்குள் போயிற்று. மண் சத்தம் போட்டுக் குடித்தது.

அவன் இறக்கைத் துண்டின் மேல் உட்கார்ந்தான். பாட்டிலைத் திறந்தான். அக்கா அவனைப் பார்க்காமல் அந்தப் பக்கமாகத் திரும்பிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள், எலுமிச்சம்பழச் சோறு, துவையல். முதல் வாய். உள்ளே போகிற வழியெல்லாம் தெரிந்தது, தொண்டை, நெஞ்சு, அதற்குக் கீழே. போ. போய்ப் பார். இருக்கிறாயா என்று கேள். இரண்டாவது வாய். மூன்றாவது. நிறுத்தவில்லை, பாட்டில் நெளிந்து நொறுங்குகிறவரைக்கும் குடித்தான், வழிந்தது கழுத்தில் இறங்கிற்று, அதையும் துடைக்கவில்லை. பிறகு சோறு. அத்தான் தாத்தாவுக்கு இன்னும் இரண்டு வயது கூட்டினார். அக்கா அதற்கொரு குத்தல் சொன்னாள். வெயில் ஏலக்காய் இலைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, எங்கேயோ ஒரு பறவை ஒற்றைச் சுரத்தில் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிறுத்தியது, அவன் காது முழுவதும் அடிவயிற்றில் இருந்தது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. இன்னும் நேரமாகவில்லை. சோற்றுப் பருக்கைகளை விரலால் ஒதுக்கிக்கொண்டே காத்திருந்தான். ஒன்றுமில்லை. அப்புறம் மெல்ல, யாரோ உள்ளிருந்து கதவை லேசாகத் தள்ளுவது போல ஒரு கனம்.

எழுந்தான். எங்க என்று அக்கா கேட்கவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் இறங்கி, சாமிக்கு மறைவாக, பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றான். கீழே தூரத்தில் ஊர், கண்மாய், தீப்பெட்டியாகப் பஸ். இந்தப் பக்கம் அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், அக்கா அதட்டியதும், பிறகு இரண்டு பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிற அந்த அமைதியும் கேட்டன. முதலில் தயக்கம். கண்ணை மூடினான். பிறகு வந்தது, வெதுவெதுப்பாக, நேராக, கீழே கிடந்த சருகுகளின் மேல் சடசடவென்று, நன்றாகக் கேட்கும்படி. நாளைக்கு அந்த எண் என்னவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். பாறைக்கு அப்பால் அக்கா மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அவன் அவசரப்படவில்லை, சத்தம் அவளுக்குக் கேட்கட்டும் என்று, ஒரு வார்த்தையும் சொல்ல வராத அவன், வருகிறவரைக்கும் நின்றான்.